சுகர் கட்டுப்பாட்டில், எல்டிஎல் 110: அப்பாவுக்குக் கொழுப்பு மாத்திரை எதற்கு?

11 ஜூன் 2025, மாலை. கேள்வி

அப்பாவுக்கு 61 வயது. சுகர் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.8. போன வாரம் கொழுப்பு டெஸ்ட் எடுத்தோம். மொத்தக் கொலஸ்டிரால் 187, நல்ல கொலஸ்டிரால் என்கிற ஹெச்டிஎல் 36, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு 205, கெட்ட கொலஸ்டிரால் என்கிற எல்டிஎல் 110. ரிப்போர்ட்டில் எல்டிஎல்லுக்கு நேராக 130 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கிறது. ஆனாலும் டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் 20 என்ற கொழுப்பு மாத்திரை எழுதியிருக்கிறார். அப்பா அந்தச் சீட்டை மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். "சுகரும் கட்டுப்பாட்டில், கொழுப்பும் நார்மல், பின்ன எதுக்கு இன்னொரு மாத்திரை?" என்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் இருக்கிறோம். லேப்பில் வேலை பார்க்கும் அக்கா இதைப் பார்த்தால் பதில் சொல்லவும்.

11 ஜூன், இரவு 9.50

தம்பி, அந்தச் சீட்டை எடுத்து மருந்துக்கடைக்குக் கொண்டு போங்கள்.

நான் டாக்டர் இல்லை. குழித்துறைப் பக்கம் ஒரு சின்ன லேப்பில் ரத்தம் எடுத்து, டெஸ்ட் போட்டு, ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கிறவள். எனக்கும் சுகர் உண்டு, கொழுப்பு மாத்திரையும் உண்டு.

அந்த 130 எல்லோருக்கும் பொதுவாகப் போட்டது. கம்ப்யூட்டரில் ஒரு தடவை ஏற்றிவிட்டால் இருபது வயதுப் பையனுக்கும் உங்கள் அப்பாவுக்கும் அதே வரிதான் அச்சாகும். ஆளுக்குச் சுகர் இருக்கிறதா, பீடி பிடிப்பாரா, அண்ணன் தம்பிக்கு மாரடைப்பு வந்திருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சுகரோடு நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, கூட இன்னொரு ஆபத்தும் இருந்தால், எல்டிஎல் 70-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு 55-க்கும் கீழே.

ரிப்போர்ட்டில் உள்ள மற்ற இரண்டு எண்களையும் பாருங்கள். ஆண்களுக்கு ஹெச்டிஎல் 40-க்கு மேல் வேண்டும், அப்பாவுக்கு 36. டிரைகிளிசரைடு 150-க்குள் வேண்டும், அப்பாவுக்கு 205. "கொழுப்பு நார்மல்" என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

12 ஜூன், காலை 6.15

இரவு எழுதியதைத் திரும்பப் படித்தேன். "சுகர் கட்டுப்பாட்டில்தானே" என்ற இடத்தைத் தொடாமல் விட்டிருக்கிறேன். அப்பாவின் வாதமே அதன்மேல்தான் நிற்கிறது, அதனால் லேப்புக்குக் கிளம்பும் முன் இது.

சுகர் எகிறிக் கிடந்தால் டிரைகிளிசரைடும் கூடவே எகிறும். சுகரை இறக்கினால் அதுவும் இறங்கும். 400-ல் இருந்தது, சுகர் சரியானதும் 180-க்கு வந்ததை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். எல்டிஎல் அப்படி இல்லை. கல்லீரல் வெளியே அனுப்பும் கொழுப்பிலிருந்து அது உண்டாகிறது, பெரும்பகுதியைக் கல்லீரலே திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஹெச்பிஏ1சி 9-லிருந்து 6.8-க்கு வந்தாலும் எல்டிஎல் பெரிதாக அசையாது. சுகர் மாத்திரை சுகரைப் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. டிரைகிளிசரைடு கூடி ஹெச்டிஎல் குறைந்த உடம்பில் எல்டிஎல் துகள்கள் சின்னதாகவும் அடர்த்தியாகவும் எண்ணிக்கையில் கூடுதலாகவும் இருக்கும். சுகர்காரர்களிடம் இது சாதாரணம். நாங்கள் லேப்பில் கண்டுபிடிப்பது அந்தத் துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்டிரால் எத்தனை மில்லிகிராம் என்பதைத்தான். துகள்கள் எத்தனை என்று எண்ணுவதில்லை. ஆகவே சுகர் இல்லாத ஒருவரின் 110-ம் உங்கள் அப்பாவின் 110-ம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைவது துகள்தான்.

துகள்களைக் கணக்கிட அப்போபி என்று தனி டெஸ்ட் இருக்கிறது. சின்ன லேப்களில் போடுவதில்லை, வெளியே அனுப்ப வேண்டும். காசு செலவில்லாமல் ஒரு வழி: மொத்தக் கொலஸ்டிராலில் இருந்து ஹெச்டிஎல்லைக் கழியுங்கள். 187-ல் 36 போனால் 151. அப்பாவைப் போன்றவர்களுக்கு இது 100-க்குக் கீழே இருக்க வேண்டும்.

12 ஜூன், இரவு 10.30

"எல்டிஎல் கூடாதவருக்கு மாத்திரை கொடுத்துப் பலன் கிடைத்ததாக எங்காவது நிரூபித்திருக்கிறார்களா?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி.

நிரூபித்திருக்கிறார்கள். கார்ட்ஸ் என்ற ஆய்வு, 2004-ல் வெளிவந்தது, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்தது. இரண்டாம் வகைச் சுகர் உள்ள 2,838 பேர். யாருக்கும் அதற்கு முன் இதய நோய் கிடையாது. அவர்களின் சராசரி எல்டிஎல் 117-க்குப் பக்கத்தில், உங்கள் அப்பாவைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் வெறும் 10 மில்லிகிராம், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் 37 சதவீதம் குறைந்தன. பக்கவாதத்தை மட்டும் எடுத்தால் கிட்டத்தட்டப் பாதி. பலன் தெளிவாகத் தெரிந்ததால், குறித்திருந்த காலத்துக்கு இரண்டு வருடம் முன்பே ஆய்வை நிறுத்திவிட்டார்கள்.

எல்டிஎல் "நார்மலாக" இருந்தவர்களிடம் கிடைத்த பலன் இது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள் தம்பி.

14 ஜூன், மதியம்

கொழுப்பு டெஸ்ட் வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது எல்லோருக்கும் அது கட்டாயமில்லை. சாப்பிட்டுவிட்டு எடுத்தாலும் மொத்தம், ஹெச்டிஎல் இரண்டும் அதிகம் மாறாது. மாறுவது டிரைகிளிசரைடு. சின்ன லேப்களில் எல்டிஎல்லைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எடுக்கிறோம். மொத்தத்தில் ஹெச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். 187, கழித்தல் 36, கழித்தல் 41, ஆக 110. 1972-ல் இருந்து இருக்கும் சூத்திரம். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு ஒத்துவராது. அப்போது வெறும் வயிற்றில் திரும்ப எடுக்கவோ, எல்டிஎல்லை நேரடியாக அளக்கவோ வேண்டும்.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு மதியம் வரை பட்டினி கிடந்து லேப் வரிசையில் மயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிடச் சாப்பிட்டுவிட்டு வந்து, "சாப்பிட்டுவிட்டேன்" என்று சொல்வது நல்லது. நாங்கள் ரிப்போர்ட்டில் குறித்துவிடுவோம்.

இதை எழுதும்போதே ஒன்று நினைவுக்கு வருகிறது. டிரைகிளிசரைடு ஆயிரத்தைத் தாண்டியவரின் ரத்தத்தைச் சுற்றவிட்டு எடுத்தால், மேலே தெளிந்து நிற்க வேண்டிய மஞ்சள் நீர் மஞ்சளாக இருக்காது. சிரட்டையில் வடிந்த ரப்பர் பால் மாதிரி வெள்ளையாக, குழாயின் மறுபக்கம் தெரியாமல் நிற்கும். அப்படி ஒரு குழாய் வந்தால் நான் அதை அந்த ஆளிடமே காட்டிவிடுவேன். எண்ணைச் சொன்னால் பதறாதவர்கள் அதைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார்கள். 500-ஐத் தாண்டினாலே கணையம் வீங்கும் ஆபத்து தொடங்குகிறது. அந்த நிலையில் வேலிக்கு அடுத்த வீட்டு ஆலோசனை எதுவும் வேண்டாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சாராயமோ கள்ளோ உண்டென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

15 ஜூன், ஞாயிறு, மாலை

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. தேங்காய் எண்ணெய்.

தம்பி எழுதியிருப்பது: "அப்பா சொல்கிறார், தேங்காய் இல்லாத கறி தின்ன வேண்டுமென்றால் பாறசாலையில் போய்ப் பெண் எடுத்திருக்கவே வேண்டாமே என்று." வாசித்துவிட்டு நானும் அம்மாவும் சிரித்தோம். எங்கள் அம்மாவும் எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலைக்காரிதான்.

இங்கே இரண்டு கட்சி. தேங்காய் எண்ணெய் விஷம் என்று ஒன்று, அமிர்தம் என்று ஒன்று. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் அது 15-ஐ ஒட்டி, சூரியகாந்தியில் அதற்கும் கீழே. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-ல் வந்த ஒரு கணக்கு, மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை 10 மில்லிகிராம் அளவுக்குக் கூட்டுகிறது என்று சொல்கிறது. ஹெச்டிஎல்லும் கொஞ்சம் கூடும். "நல்ல கொலஸ்டிரால் கூடுதே" என்று வாட்சப்பில் சுற்றுவது இந்தப் பாதியை மட்டும் வைத்துத்தான்.

மறு கட்சிக்கும் ஒரு ஆய்வு கையில் இருக்கிறது, கொச்சியில் நடந்தது, 2016-ல் வெளிவந்தது. இதய நோய் உள்ள 200 பேர். ஒரு பகுதிக்குத் தேங்காய் எண்ணெய், ஒரு பகுதிக்குச் சூரியகாந்தி எண்ணெய், இரண்டு வருடம். கொழுப்பு அளவில் வித்தியாசம் இல்லை. இதைக் காட்டித் தேங்காய் எண்ணெய் ஜெயித்துவிட்டது என்கிறார்கள். அந்த 200 பேரும் கொழுப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த இதய நோயாளிகள் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். மாத்திரையோடு அளவான எண்ணெய் என்றால் குடி முழுகிவிடாது என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. மாத்திரையைக் காலண்டருக்குப் பின்னால் வைத்துவிட்டு எண்ணெயைத் தாராளமாக ஊற்றலாம் என்று அது சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் என்ன செய்தேன் என்றால், எண்ணெயைப் பிரித்தேன். தாளிப்புக்கும் அவியலில் கடைசியாக ஊற்றவும் தேங்காய் எண்ணெய், கணக்காக ஒரு ஸ்பூன். மற்றதுக்கெல்லாம் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும். எல்லா எண்ணெயும் சேர்த்து ஆளுக்கு மாதம் அரை லிட்டர். பப்படத்தைத் தணலில் சுடுகிறோம்.

ஆனால் எண்ணெயைவிடப் பெரிய விஷயம் அரைக்கிற தேங்காய். பச்சைத் தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, அதிலும் பெரும்பகுதி நிறைவுற்றது. பெரிய தேங்காயில் பாதியைத் துருவி அரைத்து நாலு பேர் சாப்பிட்டால், எண்ணெய் ஒரு சொட்டு ஊற்றாமலே ஆளுக்குப் பதினைந்து கிராம் கொழுப்பு உள்ளே போகிறது. காலையில் புட்டுக்குத் தேங்காய், மதியம் தீயல் குழம்புக்கு, துவரன் பொரியலுக்கு, இரவு சம்மந்தித் துவையலுக்கு. நம் பக்கத்தில் இது ஒருநாள் கணக்கு. எண்ணெய் டின்னை மாற்றிவிட்டு அம்மியைப் பார்க்காமல் விட்டால் என்ன பயன்?

15 ஜூன், இரவு

மேலே உள்ளது தேங்காயைத் திட்டுவதற்காக எழுதியதில்லை. வாரத்தில் ஏழு நாளும் தேங்காய் அரைத்த கறி என்பதை மூன்று நாளாக்கினால் போதும் என்கிறேன். மற்ற நாட்களில் குடம்புளி போட்டு, தேங்காய் அரைக்காமல் மண்சட்டியில் வைக்கும் சாளைக்கறி இருக்கிறது. முந்தின நாள் வைத்தது மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். சாளையும் (மத்தி) அயிலையும் நல்ல கொழுப்புள்ள மீன். பொரித்தால் அதன் குணம் ஓரளவு எண்ணெயோடு போய்விடும், கறியாக வையுங்கள்.

அதோடு மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, அளவோடு வையுங்கள். நூறு கிராம் வெந்த சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து என்றால், நூறு கிராம் மரச்சீனியில் 38 வரை. சாளைக்கறிக்கு மரச்சீனிதான் ஜோடி, எனக்கும் தெரியும். தட்டு நிறைய வேண்டாம், நாலு துண்டு போதும். அப்பாவின் 205-க்கு மீனோ தேங்காயோ காரணமில்லை, பெரும்பாலும் மாவுச்சத்துதான். கிழங்கும் சோறும் ஏத்தம்பழமும் கூடினால் கல்லீரல் அதை டிரைகிளிசரைடாக மாற்றித்தான் வெளியே அனுப்புகிறது.

முட்டை கேட்டவருக்கு: நாளுக்கு ஒன்று என் டாக்டர் அனுமதித்திருக்கிறார். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

19 ஜூன்

"கொழுப்பு மாத்திரை சாப்பிட்டால் சுகர் ஏறும், எனக்கு ஏற்கெனவே சுகர்" என்று அப்பா புது வாதம் எடுத்திருக்கிறார் என்கிறார் தம்பி. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதில் உண்மையும் கொஞ்சம் இருக்கிறது.

அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் சுகரைச் சிறிது கூட்டும். 2010-ல் 13 ஆய்வுகளைச் சேர்த்து, 91,140 பேரை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். 255 பேர் நாலு வருடம் ஸ்டாட்டின் சாப்பிட்டால் அவர்களில் ஒருவருக்குக் கூடுதலாகச் சுகர் வருகிறது. அதே 255 பேரில் மாரடைப்பு போன்றவை ஐந்து பேருக்குத் தடுக்கப்படுகின்றன. ஏற்கெனவே சுகர் உள்ளவர்களுக்கு ஹெச்பிஏ1சி கொஞ்சம் மேலே போகலாம். அதைச் சுகர் மருந்தை அரை மாத்திரை மாற்றியோ, சாயங்காலம் நடந்தோ சரிசெய்துகொள்ளலாம். அடைத்த ரத்தக்குழாயை அப்படிச் சரிசெய்ய முடியாது.

22 ஜூன், ஞாயிறு

இது அப்பாவுக்கு மட்டுமில்லை, எல்லையில் இருக்கிற நம் எல்லோருக்கும்.

நேற்று லேப்புக்கு வந்த ஒரு பெரியவர் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை மேசையில் கொட்டினார், "இதில் எது எதற்கு என்று பார்த்துச் சொல்லு மக்களே" என்று. திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர், மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டர். அங்கே எழுதியது ரோசுவாஸ்டாட்டின். இங்கே எழுதியது அட்டோர்வாஸ்டாட்டின். இரண்டும் ஒரே வகை. இரண்டு அட்டையிலும் பெரிய எழுத்தில் வெவ்வேறு கம்பெனிப் பெயர், மருந்தின் பெயர் அடியில் எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்தில். மூன்றாவதாக ஒரு கேப்சூல். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் என்று அதில் இரண்டு, கூடவே மறுபடியும் ரோசுவாஸ்டாட்டின். மூன்றையும் தினமும் தவறாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறார். "காலெல்லாம் வலிக்குது, வயசாச்சுல்லா" என்கிறார். ஸ்டாட்டின் கூடிப்போனாலும் தசை வலிக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது.

டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே போகும்போது இங்கே வாங்கிய சீட்டைக் காட்டுவதில்லை, இங்கே வரும்போது அங்கே போனதைச் சொல்வதில்லை. அந்தச் சீட்டில் மலையாளக் கையெழுத்து, இந்தச் சீட்டில் தமிழ். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் "ஸ்டாட்டின்" என்று முடியும் பெயர் எத்தனை அட்டையில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லா அட்டையையும் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு டாக்டரிடம் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், எதை நிறுத்துவது என்பதை அவர் சொல்லட்டும்.

விலையைப் பற்றிக் கேட்டவருக்கு: நம் பக்கம் மக்கள் மருந்தகமும் முதல்வர் மருந்தகமும், அந்தப் பக்கம் காருண்யா மருந்துக்கடையும் இருக்கின்றன. கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

3 ஜூலை, இரவு 11

அப்பா மாத்திரை தொடங்கிவிட்டார் என்று தம்பி எழுதியதைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. கூடவே "தொடை வலிக்கிறது, நிறுத்தட்டுமா?" என்றும் இருக்கிறது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ரோசுவாஸ்டாட்டின் தொடங்கிக் கொஞ்ச நாளில் எனக்கும் தோளும் தொடையும் வலித்தன. படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். நானே நிறுத்திவிடத்தான் நினைத்தேன். டாக்டர் நிறுத்தச் சொல்லாமல் இரண்டு டெஸ்ட் எழுதினார். தசை பாதித்தால் ஏறும் சிகே சரியாக இருந்தது. தைராய்டு குறைந்தால் ஏறும் டிஎஸ்ஹெச்தான் கூடுதல், 14. என் ரத்தத்தை நானே மெஷினில் போட்டுப் பார்த்த எண் அது. தைராய்டு குறைந்தால் தசை வலிக்கும், எல்டிஎல் ஏறும், ஸ்டாட்டினால் வரும் வலியும் சுலபமாக வரும். தைராய்டு மாத்திரை தொடங்கி அது சரியானதும் வலி போய்விட்டது. அதே ரோசுவாஸ்டாட்டினைத்தான் இன்னும் சாப்பிடுகிறேன். எல்டிஎல் அதிகமாக இருக்கிற எவருக்கும் ஒரு தடவை டிஎஸ்ஹெச் பார்த்துவிடுவது நல்லது. அதிலும் பெண்களுக்கு.

எல்லா வலியும் தைராய்டு இல்லை. மாத்திரையைப் பற்றிக் கேட்ட பயமே வலியாக வருவதும் உண்டு. லண்டனில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2020-ல் வெளிவந்தது. வலி காரணமாக ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேருக்குப் பன்னிரண்டு புட்டி. நாலில் மருந்து, நாலில் மருந்தில்லாத மாத்திரை, நாலு காலி. மாதம் ஒரு புட்டி, எது மருந்து, எது மருந்தில்லாத மாத்திரை என்று சொல்லாமல் வலியைக் குறிக்கச் சொன்னார்கள். மருந்து எடுத்த மாதங்களில் வந்த தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு மருந்தில்லாத மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே வலித்தது. அந்த 60 பேரில் பாதிப் பேர் இந்த முடிவைப் பார்த்தபின் திரும்ப மாத்திரையைத் தொடங்கினார்கள்.

அப்பா டாக்டரிடம் போய் வலியைச் சொல்லட்டும். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், எசெட்டிமைப் என்று இன்னொரு மாத்திரை இருக்கிறது. வழிகள் நிறைய.

4 ஜூலை, காலை

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு எந்த வலியையும் யாரும் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. தசை கடுமையாக வலித்து, எழுந்து நிற்க முடியாமல், மூத்திரம் கட்டன்காப்பி (பால் விடாத காப்பி) நிறத்தில் போனால் மாத்திரையை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மிக அபூர்வம்தான், ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நெஞ்சுச் சளிக்கு என்று கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால், அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுவதை அந்த டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேரக் கூடாது.

20 ஜூலை

இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, வினிகர், தேன் காய்ச்சிய சிரப் "அடைப்பை" நீக்கும் என்று படத்தோடு ஒரு அண்ணன் போட்டிருக்கிறார். தேன் நம்ம மார்த்தாண்டம் தேன், கலப்படம் இல்லை என்கிறார். தேன் எவ்வளவு சுத்தமானாலும் ஒரு மேசைக்கரண்டியில் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது அண்ணன். சுகர்காரர் காலையும் மாலையும் அதைக் குடித்தால் டிரைகிளிசரைடுதான் ஏறும். இஞ்சியையும் பூண்டையும் கறியில் போடுங்கள், நன்றாகத்தான் இருக்கும். இந்த சிரப்பை நம்பி மாத்திரையை விட்டவர்களின் ரிப்போர்ட்டை நான் அடித்துக் கொடுத்திருக்கிறேன். 70-ல் இருந்த எல்டிஎல் 140-க்குப் போயிருந்தது.

வீட்டுப் பொருளில் எல்டிஎல்லை இறக்குவது என்று கேட்டால் இசப்கோலைச் சொல்வேன். தண்ணீரில் ஊறி வழவழப்பாகும் நார்ச்சத்து. ஐந்து முதல் பத்து சதவீதம் வரை குறைக்கும். மாத்திரையோடு சேர்த்து, மாத்திரைக்குப் பதிலாக இல்லை.

"கெமிக்கல் வேண்டாம்" என்று அந்த சிரப் அண்ணனே எழுதியதால் இதையும் சொல்கிறேன். முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தவர் ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கியோட்டோவில் ஒரு அரிசிக்கடையின் அரிசியில் வளர்ந்த பூஞ்சையில் 1973-ல் அதைப் பிடித்தார். 2024-ல் 90 வயதில் காலமானார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

9 ஆகஸ்ட், இரவு

இந்த இழையில் ஏன் இவ்வளவு விடாமல் எழுதுகிறீர்கள் என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறாள்.

என் பெரிய அண்ணன் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். சுகர் உண்டு. கொழுப்பு மாத்திரையும் எழுதியிருந்தார்கள். சுகர் நார்மலுக்கு வந்ததும் "எல்லாம் சரியாச்சு" என்று கொழுப்பு மாத்திரையை மட்டும் விட்டுவிட்டார். ஒருநாள் விடியற்காலை வெட்டிக்கொண்டிருக்கும்போது உடம்பெல்லாம் வியர்த்து, மூச்சு வாங்கி, தாடை கனத்திருக்கிறது. நெஞ்சுவலி இல்லை. வாயுத் தொல்லை என்று சுக்குக்காப்பி குடித்துவிட்டு மிச்ச மரங்களையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். அண்ணி முகத்தைப் பார்த்ததுமே ஜீப் பிடித்துவிட்டாள். திருவனந்தபுரத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நடமாடுகிறார், மரம் வெட்டப் போவதில்லை.

சுகர் நாள்பட்டவர்களுக்கு நரம்பு மரத்துப்போவதால் மாரடைப்பு வலியில்லாமல் வரலாம். வியர்வை, மூச்சு வாங்குதல், காரணமில்லாத அசதி, தாடையிலோ மேல்வயிற்றிலோ ஒரு பாரம், இவற்றில் எது வந்தாலும் சுக்குக்காப்பி வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின், 2023-ல் வெளிவந்த, இந்தியா முழுவதற்குமான ஆய்வில், கொலஸ்டிரால் அதிகம் உள்ளவர்கள் எந்த மாநிலத்திலும் இல்லாத அளவுக்குக் கேரளத்தில் இருந்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர், 50.3 சதவீதம். சுகரிலும் கேரளம் முன்வரிசையில்தான். மாநிலம் மாறினாலும் களியக்காவிளையில் அடுப்பு மாறவில்லை. அந்த எண்ணில் நாமும் அடக்கம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

6 செப்டம்பர்

நேற்று ஓணம். சத்யா விருந்து, பிரதமன் பாயசம், சர்க்கரை உப்பேரி எல்லாம் ஆனது. இன்று யாரும் கொழுப்பு டெஸ்டுக்கு வர வேண்டாம், பத்து நாள் கழித்து வாருங்கள்.

17 செப்டம்பர், இரவு

தம்பி போட்டிருக்கும் அப்பாவின் புது ரிப்போர்ட்: மொத்தம் 136, ஹெச்டிஎல் 38, டிரைகிளிசரைடு 168, எல்டிஎல் 64. ஹெச்பிஏ1சி 6.9. எல்டிஎல் நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது, அட்டோர்வாஸ்டாட்டின் 20 செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. 136-ல் 38 போனால் 98, நான் சொன்ன 100-க்குக் கீழே. ரொம்ப சந்தோஷம் தம்பி. தொடை வலியும் இப்போது இல்லை என்கிறீர்கள், இன்னும் நல்லது.

அப்பாவின் அடுத்த கேள்வி: "64-க்கு வந்தாச்சே, இனி பாதி மாத்திரை போதாதா?"

போதாது. 64 வந்ததே மாத்திரையால். நிறுத்தினால் சில வாரத்திலேயே பழைய 110-க்குப் போய்விடும், பாதியாக்கினாலும் மேலே ஏறும். எல்டிஎல் ஆரம்ப அளவில் பாதியாவது குறைய வேண்டும் என்று சில டாக்டர்கள் பார்ப்பார்கள். அப்படியென்றால் கூட்டத்தான் சொல்வார்கள், குறைக்க இல்லை. ஹெச்பிஏ1சி 6.8, 6.9 ஆனதற்காகக் கவலைப்பட வேண்டாம், அது லேப் வித்தியாசத்துக்குள்ளேயே அடங்கும்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது இரண்டு டெஸ்டைப் பற்றிக் கேளுங்கள். மூத்திரத்தில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், அப்பாவின் ரிப்போர்ட் எதிலும் நான் அதைப் பார்க்கவில்லை. மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும் லிப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்புத் துகளுக்கான டெஸ்ட் ஆயுளில் ஒரே ஒரு தடவை போதும். பரம்பரையாக வருவது, அப்பாவுக்குக் கூடுதலாக இருந்தால் நீங்களும் உங்கள் தங்கையும் எடுத்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கு முப்பது தாண்டிவிட்டது என்று எங்கேயோ எழுதியிருந்தீர்கள். உங்கள் சுகரும் கொழுப்பும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?